எதிர்காலம் என்று ஓர் எழுத்து

அச்செழுத்துக்களுக்கும் பெயர் உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அதில் குற்றமும் இல்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் போதாதா? பாத்திரம் எந்த ஊரில் வார்த்தது என்று யார் விசாரிக்கிறார்கள்? நாவலைக் கையில் எடுத்தால் கதாநாயகி கிணற்றில் விழுந்தாளா, கரையேறினாளா என்று பார்க்கிறோமே ஒழிய, அவள் விழுந்த செய்தியைச் சுமந்து நிற்கும் எழுத்து எங்கே பிறந்தது, அதை வரைந்தவர் யார், அவருக்கு வாழ்க்கையில் என்ன நேர்ந்தது என்றெல்லாம் கேட்பதில்லை. என் கதைகளுக்கு மேலட்டை போடும் ஓவிய நண்பர்களோடு பேசிப் பேசி எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது. பிடித்தது விடவில்லை.

ரோமன் எழுத்துக்களில் கராமண்ட், பாஸ்கர்வில், போடோனி என்று பல வகைகள் உண்டு. இவையெல்லாம் அவற்றைச் செய்த மனிதர்களின் பெயர்கள். ஆனால் ஒரே ஓர் எழுத்து மட்டும் பிறக்கும்போதே துணிச்சலான பெயரோடு பிறந்தது. ‘ஃபுட்டூரா’ என்பது அதன் பெயர். லத்தீனில் ‘வரப்போகிறது’ என்று பொருள். 1927ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து பௌயர் வார்ப்படச் சாலை அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. “நம் காலத்தின் எழுத்து” என்று விளம்பரமும் செய்தது. பெயரோ எதிர்காலம், விளம்பரமோ நிகழ்காலம்! வியாபாரிகளுக்கு இலக்கணத்தில் எப்போதுமே கொஞ்சம் சலுகை உண்டு.

பெயர் தெரியாவிட்டாலும் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆங்கில ‘ஓ’ ஒரு முழு வட்டம். பெரிய ‘ஏ’ கூரை வேயாத கூடாரம் போல் உச்சி கூர்மையாக நிற்கும். சிறிய ‘ஏ’ வட்டத்தை ஒட்டி ஒரு கோல், அவ்வளவுதான். சாதாரணப் புத்தக எழுத்துக்களின் நுனிகளில் சின்னச் சின்னப் பாதங்கள் இருக்குமே, அவை கிடையாது. காம்பஸும் அளவுகோலும் கையில் கொடுத்தால் பள்ளிக்கூடத்துப் பையன் கூட வரைந்து விடுவான் என்று தோன்றும். வரைந்து பார்த்தால்தான் தெரியும் சேதி.

இந்த எழுத்தை ஏதோ இருபத்திரண்டு வயதுப் புரட்சிக்கார இளைஞன் கிறுக்கியிருப்பான் என்று நினைக்கத் தோன்றுகிறதல்லவா? பலர் இதை ‘பௌஹௌஸ்’ என்ற புகழ் பெற்ற கலைப் பள்ளியின் குழந்தை என்றே சொல்லி வருகிறார்கள். இரண்டும் தவறு. இதை வரைந்த பால் ரென்னர் அந்தப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்ததில்லை, மாணவராகவும் இருந்ததில்லை. 1878இல் பிறந்தவர். எழுத்து வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. ஓவியம் கற்றவர், மியூனிக் நகரில் கியோர்க் முல்லர் என்ற பதிப்பாளரிடம் 1907 முதல் புத்தகங்களை அழகுபடுத்தும் வேலையைப் பார்த்தவர். பழைய மரபில் ஊறிய மனிதர். பார்டரும் பூவேலையும் ஓரத்து வெண்மையும் எத்தனை அங்குலம் என்று கவலைப்பட்டே காலம் கழித்தவர்.

1924இல் யாக்கோப் ஹெக்னர் என்ற பதிப்பாளர் அவரைப் பார்க்க வந்தார். நம்முடைய காலத்துக்கு என்று ஓர் எழுத்து வேண்டும், அதை யாராவது வரைய வேண்டும் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லி விட்டுப் போனார். ரென்னர் உடனே உட்கார்ந்து, அதே வார்த்தைகளைப் புதிய மாதிரி எழுத்தில் எழுதிப் பார்த்தார். கேட்டவரிடமிருந்து காரியம் எதுவும் ஆகவில்லை. பதிப்பாளர்கள் எந்த நாட்டிலும் ஒரே ஜாதிதான் போலிருக்கிறது! கடைசியில் பௌயர் வார்ப்படச் சாலைதான் அதை எடுத்துக் கொண்டது.

அந்த நாளில் ஜெர்மனியில் எழுத்து என்பது சாதாரண விஷயமாக இல்லை. அவர்களுக்கு இரண்டு எழுத்துக்கள் இருந்தன. ஒன்று நாமெல்லாம் ஆங்கிலப் புத்தகத்தில் காணும் ரோமன் எழுத்து. இன்னொன்று பிராக்டூர், கறுத்து, ஒடிந்து, முள்ளு முள்ளாக இருக்கும். பைபிளும் பத்திரிகையும் பாட்டிக் கதையும் அதில்தான் அச்சாகும். இதுதான் ஜெர்மன் ஆத்மாவின் எழுத்து என்று ஒரு கட்சி. உலகத்தோடு ஒட்ட ஒழுக ரோமன் எழுத்துக்கு வந்து விடலாம் என்று இன்னொரு கட்சி. 1911இல் பாராளுமன்றத்திலேயே இதைப் பற்றி விவாதம் நடந்தது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். எழுத்தைப் பிடித்துக் கொண்டு தேசபக்தியை அளக்கும் பழக்கம் அவர்களுக்கு முன்பே இருந்தது. பின்னால் நடந்ததைப் புரிந்து கொள்ள இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ரென்னர் எந்தப் பக்கம் போனார் என்பதில்தான் வேடிக்கை. எதிர்காலத்தைத் தேடிப் புறப்பட்டவர் இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போனார். கி.பி. 113இல் ரோமாபுரியில் டிராஜன் சக்கரவர்த்தி எழுப்பிய தூணின் அடியில் கல்லில் வெட்டிய எழுத்துக்கள் இருக்கின்றன. அவற்றில் ‘ஓ’ அகலம். ‘ஈ’, ‘எஃப்’, ‘எல்’ எல்லாம் அதில் பாதி அகலம். சதுரத்தையும் அரைச் சதுரத்தையும் வைத்துக் கட்டிய கோயில் மண்டபம் மாதிரி அந்த அளவுகள். ஃபுட்டூராவின் பெரிய எழுத்துக்களை எடுத்துப் பாருங்கள், அதே விகிதம்! பாதங்களை மட்டும் வெட்டி விட்டார். சில பேருக்கு இது கண்ணில் படுவதில்லை. ஆனால் மனசில் படுகிறது. பார்த்தவுடன் ஒரு கம்பீரமும் சாந்தமும் தோன்றுவது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

சிறிய எழுத்துக்கள்தாம் அவரை வதைத்தன. ரோமானியர்களிடம் சிறிய எழுத்து இல்லை. அவை பிற்காலத்தில் பேனாவிலிருந்து பிறந்தவை. கை ஓட்டத்தின் நெளிவு அவற்றில் உண்டு. நெளிவை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ரென்னர் முதலில் விபரீதமான சோதனைகள் செய்து பார்த்தார். சிறிய ‘ஆர்’ என்ற எழுத்து ஒரு குச்சியும் பக்கத்தில் ஒரு புள்ளியும்! ‘எம்’, ‘என்’ இரண்டும் மேல் வளைவே இல்லாத மூலைச் சட்டங்கள். வார்ப்படச் சாலைக்காரர்கள் அனுபவசாலிகள். வாடிக்கைக்காரன் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக் கொள்வான் என்று தெரிந்து, பெரும்பாலானவற்றை மெல்லக் கழித்து விட்டார்கள்.

இன்னொரு ரகசியம் உண்டு. காம்பஸால் சரியாக வட்டம் போட்டு, எங்கும் ஒரே கனமாகக் கோடு இழுத்தால், கண்ணுக்கு அது சரியாகத் தோன்றாது. படுக்கைக் கோடு நிற்கும் கோட்டை விடத் தடித்துத் தெரியும். வட்டம் கோலைத் தொடும் இடத்தில் மை தேங்கியது போல் ஒரு கறுப்பு விழும். ஆகவே ஃபுட்டூராவின் வட்டம் உண்மையில் வட்டமல்ல; மேலும் கீழும் இம்மியளவு மெலிந்திருக்கிறது. கோல் சேரும் இடமெல்லாம் இளைத்திருக்கிறது. கணக்கு மாதிரி தோன்றுவதற்காக எத்தனையோ இடத்தில் கணக்கை மீறியிருக்கிறார்கள். நாவலில் இயல்பாகத் தோன்றும் சம்பாஷணையும் இப்படித்தான். தெருவில் இரண்டு பேர் பேசுவதை அப்படியே எழுதினால் அது இயல்பாகவே இராது!

இந்த எழுத்தின் ஒடுங்கிய பிறவிகளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

எழுத்தை ஏன் ஒடுக்குகிறார்கள்? எல்லாம் இடத்துக்கும் காகிதத்துக்கும் வந்த பஞ்சம்தான். நமக்கே இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்காக ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்துக்களை வெட்டி வார்த்து அனுப்பினார்கள். 1713இல் வந்து சேர்ந்தன. எழுத்து ஒவ்வொன்றும் பெரிசு பெரிசாக இருந்தது. அதை வைத்துப் புதிய ஏற்பாட்டை அச்சிடுவதானால் காகிதத்துக்கு எங்கே போவது? பிறகு இங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்துக் கொண்டார்கள். பாதிரிமார்கள் எழுத்தை உயரத்திலும் அகலத்திலும் சேர்த்துக் குறைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனிலும் நியூயார்க்கிலும் சுவரொட்டி அடித்தவர்களுக்கு அந்த வழி உதவவில்லை. அவர்களுக்கு உயரம் வேண்டும். தெருவின் எதிர்ப்பக்கம் போகிறவனுக்குத் தெரிய வேண்டும். காகிதத்தின் அகலமோ அவ்வளவுதான். நாடகக்காரி பெயரோ நீளம். என்ன செய்வது? எழுத்தை இரு பக்கமும் நெருக்கி ஒல்லியாக்கினார்கள். மரத்தில் வெட்டிய ஒல்லி எழுத்துக்கள் சர்க்கஸ் கொட்டகையிலிருந்து கப்பல் டிக்கெட் வரை எல்லாவற்றையும் கூவி விற்றன. பத்திரிகைகள் பெருகிப் பத்திகள் குறுகியபோது தலைப்புக்கும் அவையே வந்தன.

ஃபுட்டூராவுக்கும் இந்த நிர்ப்பந்தம் வந்தது. 1930களில் அதன் தடித்த ஒடுங்கிய வார்ப்பைச் செய்தார்கள். 1950களில் அமெரிக்காவில் எட்வின் ஷார் என்பவர் இன்னும் கொழுத்த வகைகளைச் செய்தார். ஆனால் ஃபுட்டூராவின் உயிரே வட்டத்தில் இருக்கிறது. வட்டத்தை எப்படி ஒடுக்குவது? பந்தை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் அது முட்டையாகும். எழுத்து முட்டையானால் அசிங்கம். இதிலே இன்னொரு சங்கடமும் உண்டு. பக்கவாட்டில் அழுத்தும்போது நிற்கும் கோடுகள் இளைத்துப் போகும், படுக்கைக் கோடுகள் அப்படியே தடித்து நிற்கும். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு விசையைத் தட்டி எழுத்தை நசுக்குகிறவர்களின் கைவரிசையைப் பார்த்தால், கால் சூம்பி வயிறு பெருத்த குழந்தை மாதிரி எழுத்துக்கள் நிற்பதைக் காணலாம். தெரிந்தவர்கள் நசுக்குவதில்லை, முதலிலிருந்து மறுபடி வரைகிறார்கள். ஒடுங்கிய ஃபுட்டூராவில் ‘ஓ’ என்பது இரண்டு நேர்ச்சுவர். மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. ரோமாபுரித் தூணின் தாராளமான விகிதம் போய்விட்டது. எல்லா எழுத்தும் ஏறக்குறைய ஒரே அகலம், ஒரே கனம். திருவிழாக் கூட்டத்தில் தோளோடு தோள் இடித்து நிற்கும் ஆட்கள் மாதிரி.

இதை எங்கே உபயோகிக்கலாம், எங்கே கூடாது என்பதில் எனக்குத் திட்டவட்டமான அபிப்பிராயம் உண்டு. நாலைந்து வார்த்தைக்கு மேல் போனால் இது ஆகாது. எழுத்தைப் படிக்கும்போது நாம் கறுப்பை மட்டும் படிப்பதில்லை. எழுத்துக்குள்ளே இருக்கும் வெண்மையையும் சேர்த்துத்தான் படிக்கிறோம். ஒடுக்கும்போது முதலில் சாவது அந்த வெண்மை. பெரிய அளவில் அது ஜன்னல் இடுக்காகவாவது தெரியும். சிறிய அளவில் ‘ஈ’யும் ‘ஏ’யும் ‘எஸ்’ஸும் ஒரே மைக்கட்டியாகி, வரி முழுதும் வேலிக்கம்பு நட்டாற்போல் ஆகிவிடும். ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தை இதில் அச்சிட்டால் கதாநாயகன் அறிமுகமாவதற்கு முன்பே வாசகருக்குத் தலைவலி வந்து விடும். அதே நாவலின் மேலட்டையிலோ? அங்கே இதைப் போல் வேலை செய்வது வேறில்லை. குறுகிய அட்டையில் இரண்டு வார்த்தைத் தலைப்பை எட்டடி மனிதன் மாதிரி நிறுத்தி விடலாம். ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் பத்தடிக்கு அப்பால் நிற்பவரின் கையைப் பிடித்து இழுக்கும்.

அப்படி நிறுத்தும்போது ஒரு நுட்பம் உண்டு. உள்ளே வெண்மை குறைவாக இருக்கிறதல்லவா? ஆகையால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவிலும் இடைவெளி குறைவாகவே இருக்க வேண்டும். அகல எழுத்துக்கு விடும் இடைவெளியை ஒல்லி எழுத்துக்கு விட்டால் சொல் உதிர்ந்து விடும். பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். எல்லாம் பெரிய எழுத்தாக இருந்தால் கீழே தொங்கும் வால் கிடையாது. அதனால் வரிகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் செங்கல் அடுக்குவது போல் நெருக்கி அடுக்கலாம். 1950களிலிருந்து ஐரோப்பியப் பத்திரிகைகளில் இந்தச் செங்கல் சுவர் ஒரு மோகமாகவே பரவியது. 1954இல் சுவிட்சர்லாந்துக்காரர் ஹெட்டன்ஷ்வைலர் வெளியிட்ட இன்னொரு ஒல்லி எழுத்தைப் பாரிஸ் பத்திரிகைகளில் வெட்டி ஒட்டித் தலைப்பாக்கினார்கள். 1988இல் அமெரிக்கச் செருப்புக் கம்பெனியான நைக்கி, “செய்து விடு” என்ற பொருளில் மூன்றே சொற்களை ஒடுங்கித் தடித்த ஃபுட்டூராவில் போட்டு உலகத்தையே ஓட வைத்தது. மூன்று சொல்! அந்த எழுத்துக்கு ஏற்ற அளவு அதுதான்.

இனி அந்த மனிதரின் கதைக்கு வருகிறேன்.

எழுத்து புகழ் பெற்ற சமயத்தில் ரென்னர் மியூனிக்கில் அச்சுத் தொழில் கற்பிக்கும் பள்ளிக்குத் தலைவராக இருந்தார். யான் சிஹோல்ட் என்ற இளைஞரை அங்கே ஆசிரியராக அழைத்து வந்தார். சிஹோல்ட் சூடான பேர்வழி. பாதமில்லா எழுத்தே எழுத்து, மற்றதெல்லாம் குப்பை என்று 1928இல் புத்தகமே எழுதினார். ரென்னர் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் நாட்டில் என்ன வளர்ந்து கொண்டிருந்தது என்பதைப் பார்க்க அவருக்குக் கண் இருந்தது. மொட்டை மாடி வைத்த வீடு ஜெர்மன் வீடு அல்ல, புது ஓவியம் ஜெர்மன் ஓவியம் அல்ல, எல்லாம் ‘பண்பாட்டு போல்ஷெவிசம்’ என்று நாஜிகள் கூச்சல் போட்டுக் கொண்டிருந்த காலம். அந்தச் சொல்லையே தலைப்பாக்கி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு, ரென்னர் 1932இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். அது சுவிட்சர்லாந்தில் வெளியாயிற்று. ஐம்பது வயது தாண்டிய, சர்க்கார் பள்ளிக்கூடத்துத் தலைவர் செய்யும் காரியமா இது? வாயை மூடிக் கொண்டு பென்ஷன் வாங்கியிருக்கலாம். எத்தனையோ பேர் வாங்கினார்கள்.

1933 மார்ச்சில் சிஹோல்டைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் ரென்னரையும் கைது செய்தார்கள். மறுநாள் விட்டு விட்டார்கள். பதவியை மட்டும் பறித்துக் கொண்டார்கள். சிஹோல்ட் விடுதலையாகி, குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். அங்கே போன பிறகு அவர் மனம் மாறியது தனிக் கதை. பழைய முறைப் புத்தக அழகுக்கே திரும்பிய அவர், தம்முடைய இளமைக் கால உபதேசங்களின் பிடிவாதத்தில் நாஜிகளின் பிடிவாதத்துக்கு உறவான ஏதோ ஒன்று இருந்தது என்று 1946இல் எழுதினார். தன் மேலேயே இவ்வளவு கடுமையாகத் தீர்ப்புச் சொல்ல எல்லோராலும் முடியாது.

ரென்னர் ஜெர்மனியிலேயே இருந்தார். கான்ஸ்டன்ஸ் ஏரிக் கரையில் ஹோடிங்கன் என்ற சிற்றூரில் ஓவியம் தீட்டிக் கொண்டு காலம் கழித்தார். ஃபுட்டூராவை யாரும் தடை செய்யவில்லை. அது விற்றுக் கொண்டுதான் இருந்தது. மனிதனுக்கு வேலை இல்லை, அவன் எழுத்துக்கு வேலை உண்டு! 1930களின் பிற்பகுதியில் அவர் ‘பல்லாட்’ என்ற பெயரில் ஒரு முள்ளெழுத்தைக் கூட வரைந்து கொடுத்தார். இதைக் குறை சொல்லிச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. வேலை பறிபோன ஒருவர் தமக்குத் தெரிந்த தொழிலைச் செய்திருக்கிறார்.

நாஜிகளுக்கும் ஒடுங்கிய எழுத்தின் மேல் ஆசை இருந்ததுதான் இதில் விசேஷம். 1933, 34ஐ ஒட்டிச் சில புது முள்ளெழுத்துக்கள் வந்தன. பழைய பிராக்டூரின் சுழிப்பையும் கொடியையும் சிரைத்து விட்டு, இரும்புக் கம்பி போல் நிமிர்த்தி, நெருக்கி வார்த்தவை. அவற்றின் பெயர்களே ‘டான்னன்பர்க்’, ‘நேஷனல்’ என்று போர் முழக்கமாக இருக்கும். அச்சுக் கோப்பவர்கள் இவற்றுக்கு வைத்த செல்லப் பெயர் ‘முழங்கால் பூட்ஸ் எழுத்து’. இதை விடப் பொருத்தமாக யாராலும் சொல்ல முடியாது. வரியைப் பார்த்தாலே அணிவகுப்பின் சத்தம் கேட்கும்.

அப்புறம் ஒருநாள் எல்லாம் தலைகீழாயிற்று. 1941 ஜனவரி 3ஆம் தேதி, ஹிட்லரின் ஆணை என்று மார்ட்டின் போர்மன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். முள்ளெழுத்து ஜெர்மன் எழுத்தே அல்லவாம். அது யூதர்களின் எழுத்தாம். இனிமேல் ரோமன் எழுத்தே சர்க்கார் எழுத்து என்று அறிவித்தார். எட்டு வருஷமாக எதை ஜெர்மன் ஆத்மா என்று நெஞ்சில் அடித்துக் கொண்டார்களோ, அதையே ஒரே காகிதத்தில் அந்நியமாக்கினார்கள். யூதர்களின் எழுத்து என்பது சுத்தப் பொய். ஐரோப்பாவில் பாதியைப் பிடித்தாகி விட்டது. பிடித்த ஊர்க்காரர்களுக்கு இந்த முள்ளெழுத்தைப் படிக்கத் தெரியவில்லை என்பது பெரிய காரணம். அந்தச் சுற்றறிக்கையின் காகிதத் தலைப்பு எந்த எழுத்தில் அச்சாகியிருந்தது தெரியுமா? முள்ளெழுத்தில்தான்! இப்படி ஒரு காட்சியை நான் நாவலில் எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று வாசகர்கள் கடிதம் போட்டிருப்பார்கள்.

யுத்தத்துக்குப் பின் அமெரிக்கா ஃபுட்டூராவைத் தன் எழுத்தாகவே ஆக்கிக் கொண்டது. அங்கே அதன் நகல்கள் ‘ஸ்பார்ட்டன்’ என்றும், ‘இருபதாம் நூற்றாண்டு’ என்றும் முன்பே வந்து விட்டிருந்தன. 1959இல் நியூயார்க்கில் பெர்ன்பாக் என்ற யூதரின் விளம்பரக் கம்பெனி, ஹிட்லரின் ஆணையால் பிறந்த ஃபோக்ஸ்வாகன் காரை விற்க, ஹிட்லர் ஆட்சி வேலையை விட்டுத் துரத்திய மனிதரின் எழுத்தை எடுத்தது. “சிறிதாக எண்ணுங்கள்” என்ற பொருளில் ஒரு தலைப்பு. பக்கம் முழுக்க வெறும் வெண்மை. மூலையில் சின்னஞ்சிறு கார். ஒடுங்கிய எழுத்து அல்ல, வட்டம் வட்டமாக மூச்சு விடும் பழைய எழுத்தேதான். இடம் தாராளமாக இருக்கும்போது எழுத்தை ஒடுக்க வேண்டிய அவசியம் என்ன?

இடத்துக்குப் பஞ்சமே இல்லாத ஓர் ஊரும் உண்டு. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 சந்திரனில் இறங்கியது. இறங்கிய வண்டியின் கால் ஒன்றில், ஏணிப் பக்கமாக, ஓர் எஃகுத் தகடு பொருத்தியிருந்தார்கள். பூமியிலிருந்து வந்த மனிதர்கள் இங்கே முதன்முதலாகக் கால் வைத்தார்கள், மனித குலம் அனைத்துக்காகவும் சமாதானமாக வந்தோம் என்று நாலு வரி. கீழே மூன்று விண்வெளி வீரர்களும் ஜனாதிபதி நிக்ஸனும் இட்ட கையெழுத்துகள். எழுத்து ஃபுட்டூரா. அத்தனையும் பெரிய எழுத்து, டிராஜன் தூணின் அதே விகிதம். அதைச் சுமந்து சென்ற ராக்கெட்டைக் கட்டிய குழுவின் தலைவர் வெர்னர் ஃபான் பிரௌன். லண்டன் மீது விழுந்த வி-2 குண்டுகளை ஹிட்லருக்காகச் செய்தவர். அதே ஹிட்லரின் ஆட்சி சிறையில் தள்ளிய மனிதரின் எழுத்தும், அந்த ஆட்சிக்குக் குண்டு செய்து கொடுத்தவரின் ராக்கெட்டும் ஒன்றாகவே சந்திரனுக்குப் போயின. இருவரில் ஒருவர் ஃபுளோரிடாவில் நின்று அந்தக் காட்சியைப் பார்த்தார். இன்னொருவர் பார்க்கவில்லை, ரென்னர் 1956இலேயே இறந்து விட்டார்.

இறப்பதற்கு முன் அவர் செய்த காரியம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1950களின் தொடக்கத்தில், எழுபதைக் கடந்த வயதில், அவரே ஓர் ஒடுங்கிய எழுத்தை வரைந்து வெளியிட்டார். ‘ஷ்டைலெ ஃபுட்டூரா’ என்று பெயர். செங்குத்தான ஃபுட்டூரா என்று சொல்லலாம். பெயரில்தான் ஃபுட்டூரா, எழுத்தில் பழைய வட்டமே இல்லை. ‘ஓ’வின் தோள்கள் சற்றுச் சதுரித்து, பக்கங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. முப்பது ஆண்டுக்கு முன் அவர் எந்தப் பேனா நெளிவைத் துரத்தியடித்தாரோ, அது சின்ன எழுத்துக்களுக்குள் மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. சாய்ந்த எழுத்திலே நன்றாகவே தெரிகிறது. மற்றவர்கள் அவருடைய எழுத்தை ஒடுக்கியபோது கத்தும் எழுத்து கிடைத்தது. அவரே ஒடுக்கியபோது கிடைத்தது தாழ்ந்த குரலில் பேசும் எழுத்து. என்னைக் கேட்டால், இந்த இரண்டாவதுதான் ஒடுங்கிய எழுத்துக்களில் படிக்கவும் தகுந்தது. ஒரு சிறுகதைத் தொகுதிக்கு உள் தலைப்புகளாக இதைப் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் இது விற்கவில்லை என்றே சொல்ல வேண்டும். முதல் ஃபுட்டூராவின் புகழுக்குப் பக்கத்தில் இதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஈய எழுத்தின் காலமும் முடிந்து கொண்டிருந்தது. பௌயர் வார்ப்படச் சாலையே 1972இல் மூடப்பட்டது. அதன் வார்ப்பு அச்சுகள் பார்சலோனா நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இப்போது எழுத்துக்கு ஈயமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். 1990களில் லண்டனில் இருவர் ரென்னரின் பழைய மாதிரிகளைத் தேடி எடுத்து, வார்ப்படச் சாலைக்காரர்கள் கழித்துக் கட்டிய விபரீத எழுத்துக்களையும் சேர்த்துக் கம்ப்யூட்டருக்காகச் செய்தார்கள். மூலைச் சட்டமாக நின்ற ‘எம்’மும் ‘என்’னும் அதில் இருக்கின்றன. குச்சியும் புள்ளியுமான அந்த ‘ஆர்’ கூட இருக்கிறது. இசைத் தட்டு உறைகளுக்கும் கண்காட்சி அழைப்பிதழ்களுக்கும் அதைத் தேடிப் பிடித்துப் போடுகிறார்கள். பார்ப்பதற்கு ரொம்பப் புதுமையாக இருக்கிறது என்று சொல்கிறார்கள்.